ஆட்டுக்குப் போன கீரை

என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்ச் செம்பைப் போன மாதம் ஒரே வாரத்தில் ஐந்து முறை உருட்டிவிட்டாள், பக்கத்து வீட்டு நான்கு வயதுச் செல்வி. கவரைப்பேட்டை ஸ்டேஷனில் முப்பத்தொரு வருஷம் பார்சல் எண்ணியவன் நான். எண்ணாமல் விடுவேனா?

"கண்ணு பிடரியிலேயா இருக்கு?" என்று ஐந்து தடவையும் கத்தினேன். பிறகுதான் உறைத்தது... ஐந்தும் அரிக்கேன் ஏற்றிய பிறகு. பகலில்? ஒன்றுகூட இல்லை! பகலில் என் வாசலில் எறும்பைத் துரத்திப் பிடிக்கிறவள் அவள்.

மறுநாளே அவளையும், ரைஸ் மில்லுக்குக் கிளம்பிய அவள் அம்மா முனியம்மாவையும் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனேன்.

செம்புக் கதையைச் சொன்னேன். நர்ஸம்மா செல்வியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "மாலைக்கண்ணு. இன்னா குடுக்கிறே கொழந்தைக்கு?"

"அம்மை போட்டு எய்ந்துச்சும்மா. ரெண்டு மாசமா வெறும் கஞ்சிதான். கீரை, முட்டை குடுத்தா ஆத்தா கோச்சுக்கும்னு..."

"ஊட்டாண்ட முருங்கை மரம் கீதா?"

"கீது. ஆட்டுக்கு ஒடிச்சுப் போட்டுக்கினு கீறேன்."

"ஆடு எதுனா செம்பு உருட்டுச்சா?"

முனியம்மா சிரித்துவிட்டாள். நர்ஸம்மா சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் உட்டிருந்தா கருவிழி வெள்ளையாயிருக்கும். அப்புறம் மருந்து கேக்காது." ஆரஞ்சு நிற வைட்டமின் ஏ மருந்து ஒரு ஸ்பூன் செல்வியின் வாயில் ஊற்றினார்.

அம்மையில் கண் போனது என்று எத்தனை பிள்ளைகளைச் சொல்கிறோம்! அதில் அம்மை கெடுத்தது எத்தனை, நம் பத்தியம் கெடுத்தது எத்தனை? காதில் சீழ் வடிந்தால் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுகிறோம். காது கேட்காமல் போனால் தலையெழுத்து என்கிறோம். எல்லாவற்றையும் எண்ணும் நான் இதை எண்ணவே இல்லையே...

அன்றிலிருந்து ஆட்டுக்குப் புல். செல்விக்கு முருங்கைக்கீரை. எனக்குக் கவலை! தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் மூன்று விரலை நீட்டி, "எத்தனை?" என்பேன்.

"போ தாத்தா, பேஜாரு பண்ணாதே!" என்று ஓடிவிடுவாள். கண் தெரிகிறதா, இல்லையா? எப்படித்தான் கண்டுபிடிப்பது?

நேற்று அந்தி மங்கி இருட்டிவிட்டது. அரிக்கேன் இன்னும் ஏற்றவில்லை. செம்பை ஒட்டி வைத்த தட்டில் ஒன்பது முறுக்கு. மூக்குக் கண்ணாடியை எடுக்க உள்ளே போய்த் திரும்பினேன். செம்பு வைத்த இடத்திலேயே இருந்தது. தட்டில் எட்டு. பக்கத்து வாசலில் கடக்முடக்கென்று சத்தம்!

என் ஆயுளில் எண்ணிக்கை குறைந்து நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.