மூன்று பின்னுக்கு மூன்று கம்பி

அவருக்குத் தெருவில் 'சுத்தம்' என்று பெயர். குளித்து முழுகி வெள்ளையும் சொள்ளையுமாக இருப்பதால் வந்த பெயர் இல்லை. யார் எதைக் காட்டினாலும் மூக்கைச் சுருக்கி, "சுத்தம்!" என்பார். அதோடு அந்தப் பொருளின் மானம் கப்பலேறிவிடும். எதிர்வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிய ஸ்பீக்கரை அரை நிமிடம் கேட்டுவிட்டு, "தகர டப்பாவுக்குள்ள பூனைய அடைச்ச மாதிரி இருக்கு" என்று சொன்னவர். அந்த ஸ்பீக்கர் அன்றைக்கே பரணுக்குப் போய்விட்டது.

பெரிய அரங்குகளில் ஒலியமைப்பு செய்வது அவர் தொழில். 'மைக்செட்காரர்' என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

உலகத்தில் அவர் மிக இளப்பமாக நினைத்தவை இரண்டு. ஒன்று, கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் தங்கை புருஷன். மற்றொன்று, அந்த மாப்பிள்ளை வாங்கி வைத்திருந்த உள்ளங்கை அகல வீடியோ கேமரா. இரண்டுக்கும் கல்யாணப் பொருத்தம் பிரமாதம் என்பார்.

தங்கை ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் அலுவலகத்தில் இருந்தாள். அங்கே மேனேஜர் ஓய்வு பெறுகிறார், மாலை ஷிப்டுக்காரர்கள் விழாவுக்கு வரமுடியாது, அவர்களுக்குப் பிறகு போட்டுக் காட்டப் படம் எடுக்க வேண்டும் என்று வந்து நின்றாள்.

"கேமராவுலயே மைக் இருக்கு மச்சான். அது போதாதா?" என்றார் மாப்பிள்ளை.

"இது மைக்கா? கொசு கடிச்ச தடிப்பு மாதிரி இருக்கு. மேனேஜர் பேசுறத எடுக்காது மாப்பிள்ளை. நீங்க மூச்சு விடுறதத்தான் எடுக்கும்."

பஞ்சு வைத்த பெட்டியிலிருந்து தன் மைக்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். கையில் பிடித்தால் கனம் தெரியும். அடியில் மூன்று பின்கள். கேமராவிலோ பட்டாணி நுழையாத ஓர் ஓட்டை.

"இது எப்படி மச்சான் அதுக்குள்ள போகும்? இதுக்குன்னே ஒரு சின்னப் பெட்டி விக்குறாங்களாம். நடுவுல மாட்டிக்கலாமாம்."

"சுத்தம்! மூணு கம்பிய மூணு இடத்துல ஒட்டுறதுக்கு எனக்குப் பெட்டி வேணுமா? பெட்டி உங்கள மாதிரி ஆளுங்களுக்கு."

பழைய ஹெட்போன் ஒயரை வெட்டினார். சால்டரிங் அயர்னைச் சூடாக்கினார். மைக் கேபிளில் மூன்று கம்பி, ஹெட்போன் பிளக்கிலும் மூன்று இடம். ஒன்றுக்கு ஒன்று பற்றவைத்துக் கேமராவில் செருகி, "ஹலோ" சொல்லிப் பதிவுசெய்து வேறொரு ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டார். சத்தம் வந்தது. ஆனால் குரல் நடுவில் நிற்காமல் இரண்டு காதோரமும் ஒட்டிக்கொண்டு, தலையில் வாளியைக் கவிழ்த்தவன் பேசுகிற மாதிரி இருந்தது. ஒரு கணம் நெற்றி சுருங்கியது. ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தார். மாப்பிள்ளையுடையது.

"ஹெட்போன் குப்பை" என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டார்.

விழா நடந்தது. மேனேஜர் முதலாளிக்கு நன்றி சொன்னார், இயந்திரங்களுக்குச் சொன்னார், மனைவிக்குச் சொன்னார், சுற்றிவளைத்துத் தனக்கும் சொல்லிக்கொண்டார். முன்வரிசையில் இரண்டு பேர் வாயைத் திறந்தபடி தூங்கினார்கள். அவ்வளவையும் மைக் வாங்கிக்கொண்டது.

அடுத்த வாரம் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் படம் போட்டார்கள். மேனேஜரும் மனைவியும் விருந்தாளிகளாக முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட பழைய டிவி. கேமராவிலிருந்து வந்த மூன்று பின்களை, படத்துக்கு மஞ்சள், சத்தத்துக்குச் சிவப்பும் வெள்ளையும், மாப்பிள்ளை அதன் முதுகில் செருகினார். படம் பளிச்சென்று வந்தது. மேனேஜர் மேடையேறினார், தொண்டையைச் செருமினார், வாயைத் திறந்தார்.

சத்தம் இல்லை.

கையை ஆட்டினார், நெஞ்சைத் தொட்டார், கண்ணைத் துடைத்தார். எல்லாம் ஊமைப் படம். ஒலியைக் கூட்டக் கூட்ட 'உஸ்' என்ற இரைச்சல் மட்டும் வந்தது. பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது.

"வீட்லயும் இப்படி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றாள் மேனேஜரின் மனைவி. கூடமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது.

"டிவி சரியில்ல" என்றார் ஓரமாக நின்றிருந்த 'சுத்தம்'.

"காலையில இதுலதான் நியூஸ் கேட்டோம் அண்ணா" என்றாள் தங்கை, தலையைக் குனிந்தபடி.

கை சும்மா இராத மாப்பிள்ளை டிவியின் பின்னால் எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். நோண்டிய வேகத்தில் சிவப்புப் பின் கழன்று கையோடு வந்துவிட்டது. அடுத்த நொடி, முழு ஒலியில், ஜன்னல் அதிர மேனேஜரின் குரல்: "பெருமை பேசுவது என் வழக்கம் அல்ல!"

எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜருக்கு அல்ல, மாப்பிள்ளைக்கு. அவரோ பிடுங்கிய பின்னைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

'சுத்தம்' டிவியின் முதுகை எட்டிப் பார்த்தார். பின் கழன்ற நொடியே அவருக்கு விளங்கிவிட்டது. அவருடைய மைக் ஒரே குரலை இரண்டு கம்பியில் அனுப்பும், ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. அரங்கில் இருக்கும் பெரிய மிக்ஸர் தலைகீழானதை நிமிர்த்திச் சேர்த்துக்கொள்ளும். இந்தக் குட்டிக் கேமரா ஒன்றை இடது காதாகவும் மற்றதை வலது காதாகவும் எழுதிவைத்துவிட்டது. ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் சேர்ந்ததும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன; வலது காதின் சிவப்புப் பின் கழன்றதும் மற்றது தப்பித்தது. தொழிலுக்கு வந்த புதிதில் படித்த பாடம். கேமராவின் மேலிருந்த இளக்காரத்தில், அதற்கெல்லாம் மூளையைச் செலவழிப்பானேன் என்று விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, வலது பக்கத்துக்குப் போகும் கம்பியைப் பிரித்து எடுத்தார். அதை மூன்றாவது கம்பியான எர்த்தோடு சேர்த்து, மீதி ஒன்றை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் கொடுத்தார்.

"என்னண்ணா ஆச்சு அன்னைக்கு?" என்று தங்கை போனில் கேட்டபோது, "ஒயர் பழசு" என்று சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? கண்ணாடி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் கதை சொன்னார். முதலில் பின் தானாகக் கழன்றது. பிறகு, சந்தேகப்பட்டுக் கழற்றினார். கடைசியில், மச்சான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, "தள்ளுங்க, நான் பாக்குறேன்" என்று அதட்டிவிட்டு டிவியை நெருங்கியதாகக் கதை வளர்ந்தது. அந்தக் கதையைத் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடி, மறுபேச்சில்லாமல் அவர் கேட்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை அடிமுட்டாள் என்ற அவர் எண்ணத்தில் இம்மியும் மாற்றமில்லை. அந்த முட்டாளுக்கு முன்னால் வாயைத் திறக்க வழியில்லையே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

கொஞ்ச நாளில் தொழிற்சாலையிலிருந்து இன்னொரு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது மாப்பிள்ளையை. அவர் உடனே போன் செய்தார்.

"மச்சான், மைக்க மட்டும் நீங்க எடுத்துட்டு வந்துடுங்க. கனெக்ஷனெல்லாம் நான் பாத்துக்குறேன்."

'சுத்தம்' பஞ்சு வைத்த பெட்டியைத் திறந்து, திருத்திய ஒயரைச் சுருட்டி மைக்கின் பக்கத்தில் வைத்தார். 

"எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டார் அவர்.