முக்கால் மரையும் இருபது மரையும்

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவேன். ஐந்தாவது வார்த்தைக்கு நாக்கு ஒத்துழைக்காது. ஆனாலும் அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அவள் புருஷன், அதாவது என் கொழுந்தன், அவளை வீட்டில்தான் பார்க்கிறான். நான் காலை ஒன்பது மணியிலிருந்து கடை சாத்தும்வரை ஒரே கவுன்டருக்குப் பின்னால், மூன்றடி தூரத்தில் பார்க்கிறேன். அதோடு எனக்கு அவள்மேல் பொறாமை. பொறாமைப்படுகிறவள் பார்க்கிற மாதிரி வேறு யார் ஒருத்தியை அவ்வளவு கவனமாகப் பார்க்கப்போகிறார்கள்?

எங்கள் மாமனாரின் கடை கார்களுக்கான எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் விற்கும் கடை. இரண்டு கார் அகலம். ஒரு சுவர் முழுக்க ஆயில் டப்பாக்கள், எதிர்ச்சுவரில் கூரைவரை ஃபில்டர் அட்டைப்பெட்டிகள், நடுவில் சக்கரம் வைத்த ஏணி. தெருவில் இருக்கும் ஏழு மெக்கானிக் ஷெட்டும் எங்களிடம்தான் வாங்கும். தன் காருக்குத் தானே ஆயில் மாற்றிக்கொள்கிற ஆட்களும் வருவார்கள். பதினான்கு வருஷமாக நான் அங்கே நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிற்கிறேன்தான். கடையில் இருப்பது ஒரே ஒரு சுழல் நாற்காலி, அதில் மாமனார் உட்கார்ந்திருப்பார்.

சின்னவள் கடைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். வந்த முதல் வாரம் ஒரு டாக்சிக்காரர், "இருபது நாப்பது குடும்மா" என்றார். அது ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்கிற எண். தேய்ந்த பழைய எஞ்சின்களுக்கு வாங்குவது. இவள் திருதிருவென்று விழித்து, "இருபதாண்ணே, நாப்பதாண்ணே? நாப்பது டப்பா இருக்கான்னு உள்ள பாக்கணும்" என்றாள். கடையே சிரித்தது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அந்த ஒரு வாரம் சாப்பிட்டதெல்லாம் என் உடம்பில் ஒட்டியது.

அதற்கப்புறம் ஒட்டவில்லை. ஆறே மாதத்தில் தெருவே மாறிவிட்டது. மெக்கானிக்குகள் படியேறும்போதே "சின்னம்மா இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் குத்துக்கல் மாதிரி எதிரே நிற்கிறேன். என்னைப் பார்த்தே கேட்பார்கள், சின்னம்மா இல்லையா என்று.

அப்படி என்னதான் செய்தாள்? கேள்வி கேட்டாள், அவ்வளவுதான். "வண்டி தினமும் எவ்வளவு ஓடும்? நிறைய நேரம் நெரிசல்ல நிக்குமா? ஆயில் குறையுதா? கடைசியா எப்ப மாத்துனீங்க?" என்று நோயாளியிடம் கேட்பது போலக் கேட்பாள். பழைய ஆயிலில் ஒரு சொட்டு கொண்டுவரச் சொல்லி வெள்ளைத் தாளில் விட்டு, அது பரவுவதை உற்றுப் பார்ப்பாள். "எண்ணெயும் ரத்தம் மாதிரிதான்க்கா, என்ன வியாதின்னு அதுவே சொல்லிடும்" என்று எனக்குப் பாடம் வேறு. புதுக் காருக்குக் கெட்டி ஆயில் கேட்டு வந்தவரிடம், "வண்டியோட குடுத்த புத்தகத்துல அஞ்சு முப்பதுன்னு போட்டிருக்கு. அது தண்ணி மாதிரிதான் இருக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லிக் கொடுத்து அனுப்புவாள். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஏர் ஃபில்டர் வாங்க வந்தவரிடம் பழசை வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, "இது நல்லாத்தான் இருக்கு. தட்டிட்டு மாட்டுங்க, இன்னும் மூணு மாசம் வரும்" என்று திருப்பி அனுப்பியபோது எனக்கு வயிறு பற்றி எரிந்தது. வந்த வியாபாரத்தை வாசலோடு அனுப்புகிறாளே என்று மாமனாரிடம் சொன்னேன். அவர் நாற்காலியை அரைச் சுற்று சுற்றி, "அந்த ஆளு போய் நாலு பேரைக் கூட்டிட்டு வருவான் பாரு" என்றார். ஐந்து பேரைக் கூட்டி வந்தான்.

என் வீட்டுக்காரர் அன்று சும்மா இருந்திருக்கலாம். "நீயும் சின்னவ மாதிரி ரெண்டு கேள்வி கேட்டுப் பாரேன்" என்றார். அன்றைக்கு அவர் தட்டில் இரண்டாவது கரண்டி விழவில்லை.

இனி மரை விஷயத்துக்கு வருகிறேன். ஆயில் ஃபில்டர் பார்ப்பதற்கு ஒரு தகர டப்பா. வாயில் ரப்பர் வளையமும் நடுவில் திருகி மாட்டுவதற்கான மரையும் இருக்கும். குட்டையாக, கறுப்பாக, ஒரே அளவில் இரண்டு ஃபில்டர் உண்டு. ஒன்றுக்கு முக்கால் அங்குல மரை, மற்றதற்கு இருபது மில்லிமீட்டர். இரண்டுக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் கிடையாது. முக்கால் வேண்டிய எஞ்சினில் இருபதை மாட்டினால் மாட்டிக்கொள்ளும்; அதுதான் ஆபத்தே. கொஞ்சம் லூசாக ஏறும், கடைசியில் இறுகின மாதிரியும் இருக்கும். எஞ்சின் ஓடி ஆயில் அழுத்தம் ஏறியதும் ஒருநாள் பிய்த்துக்கொண்டு போகும்.

இதற்காக அவள் லேத் பட்டறைக்குப் போய் இரண்டு சின்ன மரைத்துண்டு வெட்டி வாங்கி, ஒரு கயிற்றில் கட்டி, கவுன்டர் ஆணியில் தொங்கவிட்டாள். முக்காலுக்கு நகப்பூச்சில் சிவப்பு அடித்திருந்தாள். எந்தக் குட்டைக் கறுப்பு ஃபில்டர் வெளியே போனாலும் அதன் மரையில் துண்டைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். "கண்ணால பாத்தாத் தெரியாதா? இதுக்கு ஒரு கருவியா? மரை கழண்ட கேஸு" என்று நான் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். ஆனால் அவள் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் நானும் அதை எடுத்துத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் மாமனாருக்கு முழங்கால் சுத்தமாக முடியாமல் போயிற்று. எங்கள் இருவரையும் எதிரே நிற்க வைத்து, "அடுத்த மாசத்துலேருந்து நான் வர மாட்டேன். இந்த நாற்காலில ஒருத்திதான் உக்காரணும். ரெண்டு பேரு ஸ்டியரிங் புடிச்சா வண்டி பள்ளத்துலதான் போகும். யாருன்னு மாசக் கடைசில சொல்றேன்" என்றார்.

பதினான்கு வருஷம் நின்ற கால் என்னுடையது. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். வேண்டும் என்றால், கண்ணை மூடினால் அதன் கிரீச் சத்தம் கேட்கிற அளவுக்கு வேண்டும். மறுநாள் காலை, அவள் வருவதற்கு முன்னால், ஆணியில் இருந்த கயிற்றை எடுத்து கியர் ஆயில் டப்பாக்களுக்குப் பின்னால் போட்டேன். அவளுக்கு ஏதாவது ஒரு தப்பு நேரட்டும், ஒன்றே ஒன்று, பெரிதாகக்கூட வேண்டாம் என்று நினைத்தேன். நினைத்ததைத்தான் எழுதுகிறேன்.

அவள் இரண்டு நாள் தேடினாள். "அக்கா, என் மரைத்துண்டப் பாத்தீங்களா?" "நான் எங்கடி பாத்தேன்?" பிறகு பெட்டியில் அச்சடித்திருக்கும் நம்பரைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் படித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் மதியம் அவள் சாப்பிடப் போனபோது பள்ளி வேன் ஓட்டுகிறவரின் மனைவி வந்தாள். வேன்காரர் தன் வண்டிக்குத் தானே ஆயில் மாற்றுகிறவர். சீட்டில் ஆயிலும் ஃபில்டரும் எழுதி அனுப்பியிருந்தார். குட்டைக் கறுப்பு. அலமாரியில் யாரோ மாற்றி அடுக்கியிருந்தார்கள், பெட்டி ஒன்று கிழிந்து நம்பர் பாதிதான் தெரிந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது. மரைத்துண்டு இரண்டடி தூரத்தில், கியர் ஆயிலுக்குப் பின்னால் கிடக்கிறது. கையை நீட்டினால் போதும். ஆனால் ஒளித்து வைத்தவளே போய் அதை எடுப்பதா? மாமனார் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார், யாரும் பார்க்கவில்லைதான். நான் பார்ப்பேனே! ஃபில்டரைத் தூக்கிக் கண்ணால் பார்த்தேன். முக்கால் என்று என் கண் சொன்னது. கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நான்காம் நாள் காலை வேன்காரர் கடைக்குள் வந்தார். சட்டை முன்பக்கம் பூராவும் ஆயில். கையில் அந்த ஃபில்டர். அதை டக்கென்று கவுன்டரில் வைத்தார். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வருகையில் ஃபில்டர் பிய்த்துக்கொண்டு, நாலு லிட்டர் ஆயிலும் ரோட்டில் கொட்டிவிட்டதாம். ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்ததும் அந்த நொடியே எஞ்சினை அணைத்ததால் தப்பித்தது. இன்னும் அரை நிமிஷம் ஓட்டியிருந்தால் எஞ்சின் இரும்புக்குக்கூடத் தேறாது. அவருக்கு இருப்பதே அந்த ஒரு வேன்தான்.

"மாட்டும்போதே லேசா ஆடுச்சு. ஆனா சின்னம்மா கடையில வாங்குனதாச்சே, தப்பா இருக்காதுன்னு மாட்டிட்டேன்" என்றார்.

சின்னம்மா கடையாம்! மாமனார் பெயர் எழுதிய பலகை வாசலில் தொங்கும்போதே இது சின்னம்மா கடையாம். அந்த ஆபத்தான நேரத்திலும் என் காதில் முதலில் ஏறியது அதுதான்.

அவள் ஃபில்டரை எடுத்து வாய்ப்பக்கம் பார்த்தாள். கண் கலங்கியது. "இது இருபதுண்ணே. உங்களுக்கு முக்கால். மூணு நாலு நாளா மரைத்துண்டு இல்லாம நம்பரப் பாத்துத்தான் எல்லாருக்கும் குடுத்தேன். தப்பியிருக்கும். என் தப்புதாண்ணே."

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இனி நாற்காலி யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா? நான் மனதுக்குள் அதில் உட்கார்ந்தே விட்டேன்.

அப்போதுதான் அந்த வேன்கார மனுஷன் பெருமூச்சு விட்டு, "சரி விடும்மா. யானைக்கும் அடி சறுக்கும். உன்ன மாதிரி வேல தெரிஞ்சவளுக்கு ஒருதடவ தப்புறது பெரிசில்ல. எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல. அழாத" என்றார். பக்கத்து ஷெட் மெக்கானிக் ஒருவன் தலையாட்டினான். மாமனாரும் தலையாட்டினார். அவளுக்குக் குடிக்கத் தண்ணீர்கூட வந்தது.

பார்த்தீர்களா அநியாயத்தை? சறுக்கியது நான். யானை அவள்! பதினான்கு வருஷத்தில் நான் எத்தனை ஆயிரம் ஃபில்டரைச் சரியாகக் கொடுத்திருப்பேன், ஒருத்தர் என்னை யானை என்று சொன்னதுண்டா? என் வாடிக்கையாளர்களை எடுத்துக்கொண்டாள், மாமனாரின் பாராட்டை எடுத்துக்கொண்டாள், இப்போது என் தப்பையும் எடுத்துவைத்துக்கொண்டு அதிலும் பெயர் வாங்குகிறாள். என் காது மடலெல்லாம் சுட்டது.

"அது நான் குடுத்தது!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"உங்க வீட்டம்மாவையே கேளுங்க. மதியம் வந்தாங்க, இவ சாப்பிடப் போயிருந்தா. நான்தான் குடுத்தேன். இவ இல்ல."

மாமனார் நாற்காலியை மெல்ல என் பக்கம் திருப்பினார். "உன்ன யாரும் கேக்கலையேம்மா. ஏன் சொன்ன?"

"அது என் தப்பு மாமா. அதையும் இவளுக்குக் குடுக்க முடியாது."

சொன்ன பிறகு பாதியில் நிறுத்த எனக்குத் தெரியாது. கியர் ஆயில் டப்பாக்களை நகர்த்தி, கயிற்றை எடுத்து, கவுன்டரில் அவள் முன்னால் போட்டேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். துணி எடுத்து இரண்டு துண்டையும் துடைத்தாள். பழைய ஆணியில் மாட்டினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்.

மாசக் கடைசியில் நாற்காலி அவளுக்குப் போனது. வேறு எப்படிப் போகும்? முதல் நாள் அவள் அதில் உட்கார்ந்தபோது அது கிரீச்சிடக்கூட இல்லை. அதற்கு முந்தின நாளே எண்ணெய் போட்டிருக்கிறாள். நாற்காலிக்கு எந்த எண்ணெய் என்றுகூடத் தெரிந்து வைத்திருக்கிறாள், பாருங்கள்.

மூன்று மாதம் கழித்து வேன்காரர் அடுத்த ஆயில் மாற்றத்துக்கு வந்தார். இந்த முறை அவரே வந்தார். அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, "வாங்கண்ணே, முக்கால்தானே, எடுத்துத் தர்றேன்" என்றாள்.

"நீ உக்காரும்மா," என்றார் அவர். "பெரியம்மா எங்க? அவங்க கையால குடுக்கட்டும்."

"நான் பாத்தே குடுக்குறேண்ணே."

"நீ பாப்ப, தெரியும். ஆனா யாரும் கேக்காமலே தப்பு என்னோடதுன்னு சொன்ன ஆளு இந்தத் தெருவுல அவங்க ஒருத்தங்கதான். அவங்க குடுத்தாக் கண்ண மூடிட்டு மாட்டுவேன்."

ஏணியின் மேல் நின்றிருந்த நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் இடது ஓரத்தில் உதடு ஒரு நொடி இழுத்துக்கொண்டது. கை பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டியது. அந்த இழுப்பு எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அது என் முகத்தில் குடியிருந்தது.

நான் நிதானமாக இறங்கினேன். ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தேன். ஒரே தடவையில் தெரிந்துவிடும் விஷயம்தான். இருந்தாலும் அவள் பார்க்கும்படி, சிவப்பு நகப்பூச்சு அடித்த துண்டை மூன்று தடவை மெதுவாகத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் அவர் கையில் கொடுத்தேன்.