ஒற்றை வரி அக்கா

மருந்துக்கடையில் மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக் கொடுக்கும் அவளுக்கு, மேடையேறினால் 'ஒற்றை வரி அக்கா' என்று பெயர். அவள் ஒரு வரி பாடுவாள். கணவர் ஒரு பெட்டியைக் காலால் மிதிப்பார். பெட்டி அந்த வரியைப் பிடித்துவைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடும். அதன்மேல் அவர் கிதார், தாளம் என்று அடுக்கிக்கொண்டே போவார். மிச்ச நேரம் முழுக்க அவளுக்கு ஒரு நாற்காலி. தன்னை விட்டுவிட்டுத் தன் குரல் பாடுவதைக் கேட்டுக்கொண்டு, கைதட்டும்போது எழுந்து நிற்க வேண்டியதுதான்.

இது என்ன வகை இசை என்று யாராவது கேட்டுவிட்டால் கணவருக்குக் கால் தரையில் பாவாது. திரும்பத் திரும்பப் பாடும் அந்த 'லூப்' பெட்டியின் பெயரையே வைத்து "லூப் இசை" என்பார். தனி வகையாம், இரண்டாவது வரி வந்தால் வகையே கெட்டுவிடுமாம். அவளிடம் இரண்டாவது வரி இருந்தது, கடையில் கூட்டமில்லாத மதியங்களில் அவளே கட்டியது. அதை ஒரே ஒரு தடவை மேடையில் பாடிவிட வேண்டும் என்பதைத் தவிர இசையுலகிடம் அவளுக்கு வேறு கோரிக்கை இல்லை. கேட்டும் பார்த்தாள். வகை இடம் கொடுக்கவில்லை.

"குக்கர்ல அரிசியும் வேகுது, உருளைக்கிழங்கும் வேகுது. ரெண்டுக்கும் குக்கர்னா பேரு வச்சிருக்கோம்?" என்று ஒருநாள் சமையலறையில் கேட்டாள். அவர் பதிலுக்குத் தட்டை நீட்டினார்.

அப்புறம் ஒரு நூலகத்தின் ஆண்டுவிழா வந்தது. அவள் வரியைப் பாடி முடித்தாள், அவர் மிதித்தார், பெட்டி வாயே திறக்கவில்லை. அவர் குனிந்து, கெஞ்சாத குறையாக ஒயர்களைப் பிடுங்கிச் செருகினார். சபை இருமத் தொடங்கியது. அவள் நாற்காலியைப் பார்த்தாள், உட்காரவில்லை. அதே வரியை மறுபடி பாடிவிட்டு இரண்டாவது வரியை எடுத்தாள். முன்வரிசைக்காரர் ஒருவர் பாதி இருமலை விழுங்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பெட்டிக்கு உயிர் வந்து சிவப்பு விளக்கு எரிந்தது. கணவர் காலைத் தூக்கினார். தூக்கிய கால் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு பெட்டியைத் தாண்டி வெறும் தரையில் இறங்கியது.

வீடு திரும்பும்போது சிக்னலில் கார் நின்றது. "அது லூப் இசையே இல்ல" என்றார்.

"தெரியும்."

இனி நோட்டீஸில் என்ன வகை என்று போடுவது என்று அவர் தனக்குத்தானே கவலைப்பட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பச்சை விழுந்தது. அவர் வண்டியை எடுக்கவில்லை.

"மூணாவது வரி இருக்கா?"

அவள் ஜன்னலை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். பின்னால் ஹாரன்கள் அலறின.

"இருக்கு. முதல்ல வண்டிய எடுங்க."