அறுத்த வயிறு

ஓசூரில் எங்கள் தெருமுனை டாக்டரின் போர்டைத் தாண்டும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கைராசிக்காரராம். அப்பாவின் விஷயத்தில் அந்தக் கை வருடம் முழுக்க வாயு மாத்திரையைத் தவிர வேறெதையும் எழுதவில்லை.

அப்பா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டியவர். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில் வயிற்றுப் புண் முற்றி ரத்த வாந்தி எடுத்தார். அறுத்து, பாதி வயிற்றுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். "சாதாரணப் புண்தான், கேன்சர் இல்ல, வேரோட எடுத்தாச்சு" என்று சர்ஜன் சொன்னதை, ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். மிச்சமிருக்கும் வயிற்றிலும் பின்னால் ஒரு கண் வைத்திருங்கள் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மட்டும் களி சாத்துக்குடி அளவுக்குத்தான் உருட்டப்பட்டது. கேன்டீனில் ஒரு சாப்பாட்டை இரண்டு தடவையாகச் சாப்பிட அவருக்கு மட்டும் அனுமதி. கல்லாவியில் சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில்கூட அவர் இலையில் யாரும் அள்ளி வைக்க மாட்டார்கள். அவர் கொஞ்சமாகச் சாப்பிடுவது எல்லோருக்கும் அத்தனை பழகிப்போயிருந்தது. அந்தச் சின்ன உருண்டையிலும் பாதி தட்டிலேயே மிஞ்சத் தொடங்கியபோது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பேன்ட் இடுப்பில் நிற்காமல் போன பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் தழும்பைப் பார்த்தார். அதோடு பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

"ஆபரேஷன் ஆன வயிறும்மா. அப்படித்தான் இருக்கும்."

"எண்டோஸ்கோபி எடுத்துப் பாக்கலாமா சார்?"

"போன்ல படிச்சிட்டு வந்தீங்களா?" என்று சிரித்தார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

போகும்போதெல்லாம் இதே பாட்டு. கடைசியில் சாப்பிட்டது எதுவும் தங்காமல் போகவே, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குக் கொண்டுபோனேன். குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, "யாக்கே இஷ்டு லேட்டு?" என்று கன்னடத்தில் கேட்டார். ஏன் இவ்வளவு தாமதம் என்றால் நான் என்ன சொல்வது? வயிற்றில் பாதியை எடுத்தவர்களுக்குப் பல வருடம் கழித்து மிச்சத்தில் கேன்சர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாம். டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம்தானாம். தெரிந்தவர்களுக்கு அதை எங்களிடம் சொல்ல என்ன கேடு? ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி அறுத்துப் பயனில்லை என்றார்.

வீடு திரும்பியதும் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குக் கிளம்பினேன். காத்திருக்கும் நோயாளிகள் முன்னாலேயே அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடு பாப்பா. அன்னிக்கே போயிருக்க வேண்டியவன். இத்தினி வருசம் சோறு தின்னதே லாபம். போதும்."

"உனக்குப் போதும்ப்பா. எனக்குப் போதல!" என்று கத்தினேன்.

அவர் பிடியில் பலமே இல்லை. உதறிவிட்டுப் போயிருக்கலாம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.