வெறுவயித்துப் பூசை

எங்கடை மச்சாள் யோசப்பினின்ரை வயித்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாத ஆக்கள் குருநகரிலை இல்லை. முன்வீட்டுக்காரி ஓமத்தண்ணி எண்டா. ஐஸ் பெட்டி ஏத்திற றொகான் மாதுளம்பழக் கோதை அவிச்சுக் குடிக்கச் சொன்னான். பிரான்சிலை இருக்கிற மகள் நிரோஜினி ஒரு போத்தல் மருந்துக் குளிசை அனுப்பி, "அம்மா, இதுக்குள்ளை வயித்துக்கு நல்ல கிருமி இருக்கு" எண்டு போனிலை விளங்கப்படுத்தினாள். மச்சாள் போனை என்னட்டை நீட்டினா.

"இஞ்சை பார், இவள் கிருமியைக் காசு குடுத்து வாங்கி அனுப்பியிருக்கிறாள். எங்கடை வாய்க்காலிலை இல்லாத கிருமியே?"

நான் பெர்னடெட். மச்சாள் என்ரை மூத்த அண்ணை சூசைதாசனைக் கட்டினவ. ஒரே வளவுக்குள்ளை ரெண்டு வீடு. அவவின்ரை கக்கூசுக் கதவு எத்தினைதரம் அடிக்குது எண்டதை வைச்சே அண்டைக்கு அவவின்ரை பாடு என்னெண்டு எனக்கு விளங்கியிடும்.

அவவுக்கு மூட்டுவாதம். சந்தையிலை மீன் வித்த மனுசி, எவ்வளவு பெரிய பாரையெண்டாலும் ரெண்டு வெட்டிலை தலையைக் கழட்டின கை. இப்ப அந்த விரலெல்லாம் இஞ்சிக்கிழங்கு மாதிரி முறுகிக் கிடக்குது. கிழமைக்கு ஒருக்காப் போடுற குளிசை ஒண்டு இருக்கு, அதைப் போட்டால் அடுத்த நாள் முழுக்கச் சத்தியெடுப்பு. நோவுக்கு ஒவ்வொரு நாளும் போடுற குளிசை வேறை, அது நெஞ்சுக்குக் கீழை நெருப்பு வைக்கும். அந்த நெருப்புக்கு இன்னொரு குளிசை. சில நாள் வயித்தாலை அடிக்கும், சில நாள் ஒண்டுமே போகாது. வருத்தம் புதுசா வரேக்கை எல்லாரும் ஓடி வருவினம். பிறகு அது வீட்டிலை ஒரு ஆள் மாதிரிக் குந்தியிடும், ஒருதரும் விசாரிக்க மாட்டினம். பாக்கிற எனக்கே அலுத்துப் போச்சு. உள்ளதைச் சொல்லுறதுக்கென்ன.

ஆனால் விடியப்பூசையை மட்டும் அவ விட்டதில்லை. அண்ணை கடலிலை மீன்பிடிக்கப் போன இடத்திலை, வள்ளத்துக்குள்ளையே நெஞ்சு நொந்து செத்தவர். சாகமுதல் பாதர் வந்து கேக்கிற பாவசங்கீர்த்தனமும் இல்லை, எண்ணெய் பூசிற அவஸ்தைப்பூசுதலும் இல்லை. கரைக்குக் கொண்டுவரேக்கை உடம்பு குளிர்ந்திட்டுது. அண்டையிலிருந்து மச்சாள் ஒவ்வொரு நாளும் கோயிலுக்குப் போய், நற்கருணை வாங்கி, அதை அவற்ரை ஆத்துமத்துக்கு ஒப்புக்குடுத்துக்கொண்டு வந்தவ. பூசையிலை பாதர் குடுக்கிற நற்கருணை அப்பத்தை நாங்கள் நன்மை எண்டுதான் சொல்லுறது. நான் ஞாயிறுப் பூசைக்காரி. விடியக் கோயில் மணி அடிக்க, தலாணியாலை காதைப் பொத்திக்கொண்டு படுக்கிற சாதி.

போன மாசி மாசம் ஒருநாள் விடியப்பூசையிலை, வாசகம் வாசிக்கேக்கை, மச்சாள் வாங்கிலை இருந்தபடியே சரிஞ்சு விழுந்திட்டா. ஆஸ்பத்திரியிலை குழாய் விட்டுப் பாத்திட்டு, இரைப்பையிலை புண், அது கசிஞ்சு ரத்தம் போயிருக்கு எண்டினம். கறுப்பா வெளிக்குப் போனது அவவுக்குத் தெரியுமாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை, நெஞ்சழுத்தக்காரி.

வாட்டுக்கு வந்த டொக்டர் ஒரு பொறுமையான பிள்ளை. கட்டிலிலை இருந்து ஆறுதலாக் கேட்டா.

"அம்மா, நோக்குளிசை சாப்பிட்டாப் பிறகுதானே போடுறனீங்கள்?"

"ஓம் ஓம்."

"காலமை என்ன சாப்பிடுறனீங்கள்?"

"பாண். பூசையாலை வந்து."

"குளிசை?"

"அது எழும்பின உடனை. ஒரு மிடறு தண்ணியோடை."

டொக்டர் என்னைப் பாத்தா. நான் மச்சாளைப் பாத்தன். அவ மேலை சுத்திற ஃபானைப் பாத்தா.

"அப்ப சாப்பிட்டிட்டுப் பூசைக்குப் போங்கோவன்."

"சாப்பிட்டால் நன்மை வாங்கேலாது பிள்ளை. மருந்தும் தண்ணியும் விரதத்தை முறிக்காது. சாப்பாடு முறிக்கும்."

"சரி, பூசை முடிஞ்சு வந்து சாப்பிட்டிட்டுக் குளிசையைப் போடுங்கோ."

"குளிசை போடாமல் ஆர் பிள்ளை என்னைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போறது? விடியப்புறம் என்ரை முழங்கால் மடங்காது."

குளிசை இல்லாட்டி நடக்கேலாது. குளிசை எண்டால் சாப்பிடவேணும். சாப்பிட்டால் நன்மை இல்லை. இதுக்குள்ளை நிண்டுதான் இந்த மனுசி இவ்வளவு காலமும் குடலை வேகவைச்சிருக்கிறா. "இன்னொருக்கா இப்பிடி ரத்தம் போனால் காப்பாத்திறது கஷ்டம்" எண்டு டொக்டர் வெளியிலை என்னைக் கூப்பிட்டுச் சொன்னா.

வீட்டை வந்து ரெண்டு நாள் ஆகேல்லை. "நாளைக்கு நான் பூசைக்குப் போறன்" எண்டா மச்சாள்.

"சாப்பிட்டிட்டோ?"

"உனக்கென்ன விசரே?"

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. செருப்பைக் கொழுவிக்கொண்டு நேரை பங்குப் பாதரிட்டைப் போனன். புதுசா வந்த இளந்தாரிப் பாதர். முழுக்கக் கேட்டிட்டு, "நன்மை வாங்க முதல் ஒரு மணித்தியாலம் சாப்பிடாட்டிக் காணும். வருத்தக்காரருக்கு அதுவும் தேவையில்லை" எண்டார்.

"எப்ப துவக்கம் பாதர் இந்தச் சட்டம்?"

"நான் பிறக்க முதலே."

"பிறகேன் ஒருதரும் சொல்லேல்லை?"

"அவ ஒருநாளும் கேக்கேல்லையே" எண்டு சொல்லிப்போட்டு, அந்தாளே தலையைக் குனிஞ்சிட்டுது.

வந்து மச்சாளுக்குச் சொன்னன். அவ அசைஞ்சால்தானே. "உவர் நேத்துப் பிறந்த பொடியன். உவருக்கு என்ன தெரியும்? நாக்கிலை ஒரு பருக்கை பட்டாலும் நன்மைக்குப் போகப்படாது எண்டு என்ரை அம்மா சொல்லித் தந்தவ."

"அம்மாவுக்கு வயித்திலை புண் இருந்ததே?"

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டா.

நானும் விடேல்லை. விடிய முதல் எழும்பி, பச்சையரிசியைக் குழையக் காய்ச்சி, தேங்காயின்ரை முதற்பால் விட்டுக் கஞ்சி வைச்சுக் கொண்டு போனன். அவ கட்டில் விளிம்பிலை இருந்து முழங்காலை உருவிக்கொண்டிருந்தா. பக்கத்திலை குளிசை, ஒரு கிளாஸ் தண்ணி.

"கொண்டு போடி உந்தக் கஞ்சியை."

"மச்சாள், ஒண்டு கேக்கிறன். அண்ணைக்காகத்தானே உந்தப் பாடுபடுறியள்?"

"வேறை ஆருக்கு?"

"நீங்களும் போய்ச் சேந்திட்டால், பிறகு உங்கள் ரெண்டு பேற்ரை ஆத்துமத்துக்கும் ஆர் பூசைக்குப் போறது? நிரோஜினி பிரான்சிலை. இஞ்சை மிச்சம் நான்தான். என்னை நம்பிச் சாகப்போறியளோ?"

அவ என்னை மேலுங்கீழும் பாத்தா. காதைப் பொத்திக்கொண்டு படுக்கிற என்ரை லட்சணம் அவவுக்குத் தெரியாததே? கோப்பையை வாங்கிக் கரண்டியை ரெண்டு கையாலையும் பிடிச்சு ஒரு வாய் வைச்சா. அழுதுகொண்டு விழுங்கினா. ஏதோ களவு செய்யிற மாதிரி இடைக்கிடை வாசலைப் பாத்தா. நான் கோப்பை வெறுமையாகும் மட்டும் அந்த இடத்தை விட்டு அரக்கேல்லை. பிறகு குளிசையை எடுத்துக் குடுத்தன்.

கோயிலிலை நன்மைக்கு எழும்பி வரிசையிலை நிண்டவ, பாதிவழியிலை திரும்பி வரப் பாத்தா. பின்னாலை நான் நிண்டன். "நடவுங்கோ" எண்டு முதுகிலை கை வைச்சுத் தள்ளினன். மாதா மன்னிக்கட்டும், கொஞ்சம் பலமாத்தான் தள்ளிப்போட்டன். பாதர் நன்மையை நீட்ட, முறுகின கையை ஏந்தி, "ஆமென்" எண்டா. சத்தமே வெளியிலை வரேல்லை.

பூசை முடிஞ்சு கோயில் வாசலிலை நிண்டு மூச்சு வாங்கினா. கையாலை நெஞ்சுக்குக் கீழை தடவிப் பாத்தா.

"இண்டைக்கு அவ்வளவா எரியேல்லையடி பெர்னடெட்."

"நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனால் இவ்வளவு காலமும் அந்த எரிவையுந்தான் உன்ரை அண்ணருக்கு ஒப்புக்குடுத்தனான். இனி நான் அவருக்கு எதைக் குடுக்கிறது?"

எனக்குக் கண் கலங்கியிட்டுது. அதைக் காட்டாமல், "முழங்கால் கிடக்குதெல்லே மச்சாள்? அதைக் குடுங்கோ" எண்டன்.

அவ என்னை முறைச்சா. பிறகு, ஆஸ்பத்திரியாலை வந்தாப் பிறகு முதல்தரமா, சிரிச்சா. "ஓமடி, அது சாகுமட்டும் இருக்கும்" எண்டிட்டு என்ரை தோளைப் பிடிச்சு நடக்கத் துவங்கினா. எனக்கு நித்திரை தூக்கி விழுத்துது. நாளைக்கும் மணி அடிக்க முதல் எழும்பிக் கஞ்சி வைக்கவேணும், அவவோடை பூசைக்கும் வரவேணும்.