ஏரிக்கரைப் பள்ளிக்கு நான் போட்ட கையெழுத்து

விலங்கியல் பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு கன்சல்டன்ட் வந்தார். மணப்பாறைப் பக்கம் ஓர் ஏரியை ஒட்டித் தனியார் பள்ளி ஒன்று கட்டப் போகிறார்களாம். அதனால் ஏரிக்கும் அங்கே வரும் பறவைகளுக்கும் என்ன பாதிப்பு என்று அரசுக்கு அறிக்கை தர வேண்டும். அப்படிப்பட்ட அறிக்கைகளைத் தயாரிப்பதுதான் அவர் தொழில். காபியைக் குடித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"ரிப்போர்ட் ரெடி சார். பறவைக்கு ஒரு எக்ஸ்பர்ட் வேணும். உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

ஏரியைப் பார்க்காமல் எப்படிப் போடுவது என்று கேட்டேன். அடுத்த வாரமே காரில் கூட்டிப் போவதாகவும், இப்போதைக்குக் கடைசிப் பக்கத்தில் மட்டும் போட்டு வைக்கும்படியும் சொன்னார். அந்தப் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே 'பறவையியல் நிபுணர்' என்று அச்சாகியிருந்தது. கல்லூரியில் ஒருவரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. ஓய்வு பெற்றவனுக்கு ஒரு பட்டத்தைக் காட்டினால் போதும், பேனாவை அவனே தேடி எடுத்துக்கொள்வான். போட்டேன்.

சொன்னபடி ஒரு நாள் காலை போனோம். பங்குனி மாதம், தண்ணீர் நடுவில் சுருங்கிக் கிடந்தது. கன்சல்டன்ட் ஏ.சி.யை விட்டு இறங்கவில்லை. நான் மட்டும் நடந்தேன். அந்த வெயிலிலும் நத்தைகுத்தி நாரைகள் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. கோரைக்குள் நீர்க்கோழிகள் குஞ்சுகளோடு திரிந்தன. எண்ணி எழுதிக்கொண்டேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா வந்து, என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். ஏரிக்கரைக்குக் கீழே அவருக்கு நெல் வயல் இருந்தது. பள்ளிக்கான இடத்தில் அளந்து கொடி நட்டிருந்தார்கள். அதன் நடுவே நின்ற ஒரு கல்லைக் காட்டி, ஐப்பசியில் தண்ணீர் அதையும் தாண்டி ஏறும் என்றார்.

திரும்பும் வழியில்தான் அறிக்கையை வாங்கிப் படித்தேன். நான் மூன்று பருவங்களில் கள ஆய்வு செய்திருந்தேனாம். ஏரிக்கரை பயனற்ற தரிசாம். அடுத்த பக்கத்தில் அலையாத்திக் காடுகளும் கடலாமைகளும் இருந்தன. திருச்சிக்குக் கடல் எப்போது வந்தது என்று கேட்டேன்.

"வேற ஊரு ரிப்போர்ட்டுலேர்ந்து வந்துருக்கும் சார். யாரு படிக்கப் போறாங்க?"

அவரிடம் வெட்கத்தின் சாயல்கூட இல்லை. நான் ஏரியில் கண்டதையும் கேட்டதையும் எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார். ஆமைகளை நீக்கினார்; அலையாத்தி அப்படியே தங்கிவிட்டது.

பிறகு அரசிடமிருந்து மூன்று பேர் கொண்ட ஆய்வுக்குழு வந்தது. ஏரிக்கரையில் ஷாமியானா, இளநீர், எல்லோருக்கும் சால்வை. எனக்கும் ஒன்று போர்த்தினார்கள். பிள்ளைகள் ஜன்னலைத் திறந்தாலே கொக்கு பார்க்கலாம் என்று பள்ளித் தாளாளர் உருகினார். குழு தலையாட்டியது. இளநீரிலிருந்து வாயை எடுத்து, கொக்குக்கு உட்கார இடம் எங்கே என்று கேட்க அதில் யாருக்கும் நேரமில்லை.

ஆட்டுக்கார அம்மாவும் வந்திருந்தார். குழுத் தலைவர் முன்னால் போய் நின்றார்.

"ஸ்கூல் வேணாம்னு சொல்லலீங்க. எங்க பிள்ளைங்களும் படிக்கணும்தான். மழை வந்தா இந்தத் தண்ணி எந்தப் பக்கம் போவும்? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

தலைவர் என் பக்கம் கையைக் காட்டினார். "நிபுணர் சாரே பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுருக்காரும்மா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மாவும் பார்த்தார். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சால்வையைச் சரிசெய்துகொண்டு ஏரியைப் பார்த்தேன். அவர்கள் எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அவர்கள் எல்லோரையும்விட நான் கேவலமானவன்.

பள்ளி எழும்பியது. திறந்த வருடமே ஐப்பசி மழையில் தண்ணீர் வழக்கம்போலத் தன் இடத்துக்கு வந்தது. அங்கே இப்போது வகுப்பறைகள் இருந்தன. பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டார்கள்; வகுப்பறைத் தண்ணீர் வடிவதற்காக, ஏரியின் உபரி நீர் வழியும் கலிங்கை யாரோ பொக்லைன் வைத்து உடைத்தார்கள். வழிந்து போக வேண்டிய தண்ணீர் மொத்தமாகக் கீழே பாய்ந்தது. நட்டு வேர்பிடித்த சம்பாப் பயிர் சேற்றோடு போனது. எதிர்பாராத மழை என்று தாளாளர் பேட்டி கொடுத்தார்.

பஸ் பிடித்து அந்த அம்மாவிடம் போனேன். வரப்பில் நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் நீங்க," என்றார். பிறகு, "இப்பவாவது எழுதிக் குடுங்க."

பார்க்காமலே கையெழுத்துப் போட்டதையும், ஆய்வுக்காக ஒரே ஒரு நாள் காலைதான் ஏரிக்குப் போனதையும், அறிக்கையில் இருப்பது பொய் என்பதையும் அங்கேயே எழுதிக் கொடுத்தேன். விவசாயிகள் தங்கள் மனுவோடு அதை இணைத்துக் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தார்கள். அன்று மாலையே கன்சல்டன்ட் போன் செய்தார். "மாட்டிக்கப் போறது நீங்கதான் சார்," என்றார். அவர் எனக்குச் சொன்ன முதல் உண்மை அது.

விசாரணை நடந்தது. கலிங்கைத் திரும்பக் கட்டினார்கள். கீழ்த்தள வகுப்புகளை மாடிக்கு மாற்றச் சொன்னார்கள். பள்ளி இருந்த இடத்திலேயே நடக்கிறது. கன்சல்டன்ட் வேறோர் ஏரிக்கு அறிக்கை எழுதுகிறாராம். எனக்கு மட்டும் ஒரு கடிதம் வந்தது: இனி எந்தச் சுற்றுச்சூழல் அறிக்கையிலும் என் கையெழுத்து ஏற்கப்படாது. மொத்த விசாரணையிலும் நியாயமாக இருந்த உத்தரவு அது ஒன்றுதான்.