அம்மன் காலடியில் மாத்திரைப் பாக்கெட்

போன வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலில் அர்ச்சனைத் தட்டுகளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை... கூடவே மாத்திரைப் பாக்கெட். ஏறக்குறைய எல்லாத் தட்டிலும்!

இதை ஆரம்பித்து வைத்தது யார் தெரியுமா? நாலு பேர் கூடினால் வாயே திறக்காத நான்தான்.

கோயில் செமோர் ஊருக்குப் பக்கத்தில். முன்பு அது ரப்பர் தோட்டத்துக் கோயில். தோட்டம் போய்த் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வந்துவிட்டது. வரிசை வீடுகளுக்கு நடுவே மாரியம்மன் மட்டும் இடம் மாறாமல் உட்கார்ந்திருக்கிறாள். இந்த வருடத் திருவிழாவுக்குப் பால்குடம் எடுப்பதாக அவளிடம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் எனக்கு மனச்சோர்வு வந்தது. ஏன் வந்தது என்று கேட்காதீர்கள்... எனக்கும் தெரியாது. வீட்டில் சண்டை இல்லை, சாப்பாட்டுக்குக் குறை இல்லை. ஆனால் காலையில் எழ முடியாது. அடுப்பில் பால் பொங்கி வழியும். பார்த்துக்கொண்டே நிற்பேன், கை போகாது. வீட்டுக்காரர்தான் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். டாக்டர் தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை போடச் சொன்னார். நடக்கச் சொன்னார், நேரத்தோடு தூங்கச் சொன்னார். நான் என் பங்குக்கு வீட்டில் விளக்கேற்ற ஆரம்பித்தேன். மெல்ல மெல்ல எழுந்தேன். தாளிக்கிற வாசம்கூடத் திரும்பி வந்தது!

அந்த நன்றிக்குத்தான் பால்குடம். காப்புக் கட்டினார்கள், விரதம் தொடங்கியது. கோயில் சமையல்கட்டை ஆளும் சாந்தா அக்கா எங்களுக்கெல்லாம் சட்டம் போட்டார். கவிச்சி கூடாது. மெத்தை கூடாது, பாய்தான். மருந்து மாத்திரையும் கூடாது, அம்மன் பார்த்துக்கொள்வாளாம்.

என் மாத்திரை விஷயம் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. சந்தேகம் கேட்டால் விவரம் சொல்ல வேண்டி வருமே... பேசாமல் நிறுத்திவிட்டேன்.

சில நாள்தான். பாய் என்னைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. விளக்கேற்ற மனம் வரவில்லை. மாலை நடையும் நின்றது. பால்குடம் இருக்கட்டும், பழையபடி விழுந்துவிடுவேனோ என்று பயம் வந்துவிட்டது.

ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பூசாரி அண்ணனிடம் போனேன். பகலில் லாரி ஓட்டுகிறவர். மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் விபூதித் தட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே மாத்திரை!

"எனக்குச் சக்கரை. காப்புக் கட்டிக்கிட்டுத்தான் நானும் போடுறேன். டாக்டர் கொடுத்ததை நிறுத்தச் சொல்ல நான் யாரு தங்கச்சி?"

என் பாக்கெட்டை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். சூடம் காட்டினார். திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப இது பிரசாதம்லா. வேணாம்னு சொல்லுவியா? போ, ரெண்டு பழம் சாப்பிட்டுட்டு..."

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் கிளினிக்குக்குப் போன் செய்து, விட்டுப்போன நாட்களைச் சொல்லி, கேட்டுக்கொண்டு மறுபடி போட ஆரம்பித்தேன். பால்குடத்தையும் நல்லபடியாக எடுத்தேன்.

பூசாரி அண்ணன் வாய் சும்மா இருக்குமா? என் பேரைச் சொல்லவில்லை. பிரசாத யோசனையை மட்டும் ஊருக்கே சொல்லிவிட்டார். அதனால்தான் போன வெள்ளிக்கிழமைக் கூத்து. பிரஷர், சக்கரை, கொழுப்பு... எல்லாம் அம்மன் முன்னால். இது கோயிலா ஃபார்மசியா என்று பூசாரி அண்ணனே தலையில் அடித்துக்கொண்டு, எல்லாப் பாக்கெட்டையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டிச் சூடம் காட்டினார்.

யாருடையது எது? சாந்தா அக்கா தாம்பாளத்தை வாங்கி, பாக்கெட்டில் இருந்த பேரைப் படித்துப் படித்துக் கொடுத்தார். அவர் பேரும் வந்தது. சட்டம் போட்டவருக்கே பிரஷர்! எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான்.

அடுத்தது என் பேர். அக்கா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எதுக்குப் போடுறே என்று சத்தமாகக் கேட்டார். எல்லாக் கண்ணும் என் மேல். பிரஷர் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்... எதிரே அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"மனசுக்கு, அக்கா."

சிரிப்பு நின்றது. அக்கா பாக்கெட்டை என் கையில் வைத்தார். கையை மட்டும் விடவில்லை. அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டதே இல்லை, அன்றைக்குக் கேட்டேன்.

"மனசுக்கும் மாத்திரை இருக்கா? எந்தக் கிளினிக்லா?"

திங்கட்கிழமை இரண்டு பேரும் போனோம். வேண்டுதலும் மாத்திரையும் சண்டை போட்டதே இல்லை, நாம்தான் மூட்டிவிடுகிறோம்.

இப்போது மாலையில் அக்காவும் என்னோடு நடக்க வருகிறார். வழி முழுக்க அவர் பேசுகிறார், நான் கேட்கிறேன்.

மௌன விரதம் என்று ஒன்று இருப்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது!